பேட்டரி தனி

ஞாயிறு ராத்திரிக் காற்றில்
வாட்டில் மரம் வேலிமேல் படுத்துவிட்டது.
வேர் என் பக்கம்.
தலை துரைக்கண்ணு பக்கம், அவருடைய பீன்ஸ் பாத்தியில்.
நடுவில் முள்கம்பியும்
மூன்று வருடமாக நாங்கள் பேசாத பேச்சும்.

ஆள் கூப்பிட்டால் வருகிறேன் என்கிறார்கள்,
வருகிற நாளைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.
டவுன் முழுக்க மரம் விழுந்திருக்கிறது.
நானே வாங்கிவிடுவது என்று
மூஞ்சிக்கல் போனேன்.

ஹபீப் கடையில் நாலு ரம்பம்.
"இது ஆறு இஞ்சுக்கா, ஒத்தைக் கையிலயே பிடிக்கலாம்.
ப்ளம்ஸ் கிளை வெட்டலாம், அதுக்கு மேல கேக்காதீங்க."
ஒத்தைக் கை என்றதுமே தள்ளிவைத்தேன்.
ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான்,
பத்தொன்பது வருடமாக
மணிக்கட்டுகளை உள்ளே போய்ப் பார்க்கிறேன்.
நுனி மரத்தில் பட்டால் ரம்பம் எகிறும்.
எகிறியது எங்கே வந்து நின்றது என்று
ஒரு பண்ணைக்காட்டுப் பையனின் படத்தில் பார்த்திருக்கிறேன்.
சொல்ல வேண்டாம்.

மிச்சம் மூன்றிலும்
கைப்பிடிக்கு முன்னாலிருந்த கேடயத்தைத் தள்ளினேன்.
டக், டக், டக்.
"செயின் பிரேக்" என்றார் ஹபீப்.
பிறகு ஒவ்வொன்றையும் தூக்கி
ஓர் அருள் நிறைந்த மரியே முடியும்வரை
நீட்டிப் பிடித்தேன்.
பதினாலு இஞ்சு பாதி ஜெபத்திலேயே
தோளை இறக்கிவிட்டது.

இருந்தவை இரண்டு. இரண்டும் பன்னிரண்டு இஞ்சு,
எண்ணெய் தெரியச் சின்ன ஜன்னல் இரண்டிலும்.
மஞ்சள், பேட்டரி சார்ஜரோடு பெட்டியாக.
மற்றது மயில் நிறம்.
"இது வெறும் மெஷின்தான்க்கா, பேட்டரி தனி.
வீட்ல இதே கம்பெனி ட்ரில்லு கிரில்லு இருந்தா
அந்த பேட்டரியையே மாட்டிக்கலாம்."

மயில் நிறம்.
சனிக்கிழமைகளில் வேலிக்கு அப்பால்
அந்த நிறத்தில்தான் ஒன்று புல் வெட்டும்.
பெட்ரோல் வாடை கிடையாது, ரீங்காரம்தான்.
துணி காயப்போடுகிறவள் போல
மூன்று வருடமாகப் பார்த்திருக்கிறேன்
அதன் பின்னால் செருகிய கறுப்புச் செங்கல்லை.

"இருக்கா வீட்ல?"
"இருக்கு."
எந்த வீட்டில் என்று ஹபீப் கேட்கவில்லை.
மஞ்சள் பெட்டிக்கு இன்னும் ஏழாயிரம்தான் கூட.
என்னிடம் இல்லாத பணமும் இல்லை அது.

வில்பட்டி பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்
பல்லுக்கு உறை போட்ட
உயிர் போடாத ஒன்றை.

அவர் நசுங்கிய பீன்ஸைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தார்.
நான் கூப்பிடவில்லை.
ரம்பத்தைத் திருப்பி
காலியாக இருந்த குழியைக் காட்டினேன்.

நிறத்தைப் பார்த்தார். குழியைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தாரா, நிச்சயமில்லை.
உள்ளே போனார்.
இனி வர மாட்டார் என்று நான் திரும்புகிற நேரம்
ஸ்வெட்டருக்குள் எதையோ அணைத்தபடி வந்தார்.
"குளிருல சீக்கிரம் இறங்கிரும்.
அடுப்படியில வச்சிருந்தேன்.
ரெண்டு கோடுதான் இருக்கு.
காத்தடிச்சதுலேர்ந்து கரண்ட் இல்ல."
எண்ணினேன், நாலு வாக்கியம்.

கம்பியைத் தாண்ட ஒரு பலகை போட்டுத் தந்தார்.
பாத்திமேல் கிடந்த கிளைகளை நான் அறுக்க அறுக்க
அவர் இழுத்துப் போட்டார்.
கடைசியாகத் தடிமரம்.
பாதி போனதும் ரீங்காரம் மெலிந்து
நின்றது.
இழுத்தேன். இழுத்தார்.
மரம் கவ்விக்கொண்டது.
"கெடக்கட்டும்" என்று
பேட்டரியை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்.

இப்போது மணி ஒன்பது, கரண்ட் வரவில்லை.
டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
வேலிக்கு நேர் மேலே, மரத்தில் செருகியபடியே
என் ரம்பம்.
பனி படாமல் அதன்மேல் ஓர் உரச்சாக்கு,
சணல் போட்டு இரண்டு சுற்று கட்டியிருக்கிறது.
என் வீட்டில் உரச்சாக்கு கிடையாது.