ஐம்பத்தாறாம் நாள்

எக்பரோ பக்கம் ஒரு குன்று.
மேலே ஆடு மேய்கிறது, தோண்டினால் சாம்பல்.
முப்பது வருடம் லாரி லாரியாய் அதைக் கொட்டிய
டெரிக் ஹெப்வொர்த்
ஓய்வு பெற்றபின் திரும்பி வந்திருக்கிறார்,
அதையே கீழே இறக்க.
"ஏற்றவும் கூலி, இறக்கவும் கூலி" என்கிறார்
மூக்கைத் துடைத்தபடி.

சிமென்டில் மூன்றில் ஒரு பங்கு கலந்து
கனசதுரமாய் வார்த்துத் தண்ணீரில் போடுவேன்.
இருபத்தெட்டாம் நாள் அழுத்தினால்
டப்.
இலக்குக்கு நாலு குறைவு.
பொறியாளர் சிவப்பில் வட்டமிட்டார்.

நீறு பூத்த நெருப்பு என்பார்கள்.
இந்த நீற்றில் நெருப்பில்லை;
லீட்ஸில் யாரோ கெட்டில் வைத்த அன்றே
அது போய்விட்டது.

இன்னும் நான்கு வாரம் கழித்து,
தொட்டியடியில் மறந்து கிடந்த ஒன்றை
எந்திரத்தில் வைத்தேன்.
முள் ஏறியது. நிற்கவில்லை.
தேநீரோடு எட்டிப் பார்த்த டெரிக்
"போதும் விடு,
எந்திரம் பாவம்" என்றார்.