அட்டை

அறிக்கைக்கு நீல அட்டை.
இருநூற்றுப் பதினாறு பக்கம்.
நூற்றி நாற்பது வீடுகள், ஒரு நீச்சல் குளம்,
மூடுபனியைப் பார்த்தபடி தேநீர் குடிக்க ஒரு மேடை.
"உத்தேச நிலம்: கைவிடப்பட்ட தேயிலை.
குடியிருப்போர்: குறிப்பிடத்தக்க அளவில் இல்லை.
நீரூற்று: இல்லை."
பக்கம் நாற்பத்தேழு. எதிர்ப்பக்கத்தில் வரைபடம்.
இல்லை என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
பென்சிலால் சின்னதாக ஒரு சரி போட்டிருந்தார்
எனக்கு முன் இந்த மேசையில் இருந்தவர்.
அவருக்கு இப்போது மாத்தறையில் வேலை.
அங்கே ஊற்றைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

பொதுமக்கள் கருத்துக்கு முப்பது நாள்.
பிரதேச சபையில் மூன்று மொழியிலும் வைக்க வேண்டும்.
தமிழ்ப் பிரதி இருபத்திரண்டாம் நாள் வந்தது,
வரைபடம் இல்லாமல்.
"படத்துக்கு என்ன பாஷை" என்றார் அச்சகக்காரர்.

வந்த கடிதம் ஒன்பது.
எட்டு, வேலை கிடைக்குமா என்று கேட்டன.
ஒன்பதாவது, கொப்பித் தாளில், பச்சைப் பேனாவில்:

"ஐயா, அம்மா அவர்களுக்கு,
வீடு கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை.
வீடு இல்லாத கஷ்டம் எங்களுக்குத் தெரியும்,
பத்துக்குப் பன்னிரண்டில் ஆறு பேர்.
ஏழாம் நம்பர் மலையில் இருந்து வரும் பீலித் தண்ணியை
எங்கே வைப்பீர்கள் என்று மட்டும் தெரியப்படுத்தவும்.
இப்படிக்கு, ச. பவளக்கொடி,
கீழ்ப் பிரிவு, நாலாம் லயம்."

பதில் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஆகவே போனேன்.

பண்டாரவளையில் பஸ் ஏறி, மாதா சுருவத்தடி வளைவில் இறங்கி,
ஒன்றரை மைல் ஏற்றம்.
மழை விட்டிருந்தது.
மரங்கள்தான் அதை இன்னும் நம்பவில்லை.
கவ்வாத்துக் கத்தியோடு நின்றாள் பவளக்கொடி. என் வயது இருக்கும்.
"ஆபீஸ்ல இருந்து நெசமாவே வந்துட்டீங்களா?"
சிரித்தாளா திட்டினாளா தெரியாது.

கைவிட்ட தேயிலை
யாரும் கிள்ளாத தைரியத்தில் மரமாகி நின்றது.
அதன் அடியில் தண்ணீர்.
சத்தமே இல்லை.
பிளந்த மூங்கிலில் இறங்கி, கறுப்புக் குழாய்க்குள் நுழைந்து,
நாற்பத்தொரு குடும்பத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.
பெயின்ட் வாளியை வைத்தோம். இருபது லீற்றர்.
என் போன் எண்ணியது. ஐம்பத்திரண்டு செக்கன்.
"பங்குனியில?"
"ஒரு நிமிசம் ஆவும். நிக்காது."

ஆபீஸுக்குத் திரும்பிக் கோப்பை விரித்தபோதுதான்
கணுக்காலில் மற்ற அட்டையைக் கண்டேன்.
குடித்துத் திரண்டு, பதவி உயர்வு கிடைத்தவர் மாதிரி இருந்தது.
உப்பு இல்லை. நஸ்ரின் சவர்க்காரம் தந்தாள்.
அது விழுந்தது, இரத்தம் நிற்கவில்லை.
துடைத்த விரலோடு பக்கம் புரட்டினேன்.

புதன்கிழமை மீளாய்வுக் குழு.
பன்னிரண்டு போட்டோக் கொப்பி, பன்னிரண்டு கறிபன்.
பணிப்பாளர் லியனாராச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.
கம்பெனியின் ஆலோசகர் சொன்னார்:
பெயின்ட் வாளி அங்கீகரிக்கப்பட்ட கருவி அல்ல.
சரிதான். நான் வாயை மூடிக்கொண்டேன்.
மேலும் சொன்னார்:
கடிதம் எழுதியவர் காணி உரிமையாளரும் அல்ல.
அதுவும் சரிதான்.
இருநூறு வருடமாக அது சரியாகவே இருக்கிறது.

மண்சரிவுப் பிரிவின் பொறியியலாளர்
அதுவரை கறிபனைத் தவிர எதையும் பார்க்காதவர்,
வரைபடத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.
"ஏழாம் நம்பரில் இது என்ன கறுப்புப் புள்ளி?
போன முறை இருக்கவில்லையே."
எல்லோரும் புரட்டினார்கள்.
பன்னிரண்டிலும் இருந்தது.

உண்மையான இடத்துக்கு அரை அங்குலம் கிழக்கே விழுந்திருந்தது.
தரையில் அது அறுபது மீற்றர்.
அதை நான் சொல்லவில்லை.

"ஊற்று" என்றேன்.

செயலாளர் குனிந்து எழுதிக்கொண்டார்:
ஊற்று, ஒன்று. கள ஆய்வு தேவை.
அடுத்த கூட்டம் பதினெட்டாம் திகதி.

கால் இன்னும் அரிக்கிறது.