பின்னோக்கி நடப்பவள்

சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு
இங்கிலாந்தின் பாதி வீடுகளுக்குள்
முதுகைக் காட்டியபடிதான் நுழைகிறேன்.
வால்ட்ஸில் பெண்ணுக்கு அதுதான் திசை.
அவன் முன்னேறி வருவான்.
அவன்தான் நடத்துகிறான் என்று
சோபாவில் சாய்ந்திருக்கும் ஊரே நம்பும்.
அவன் வலது புஜத்தில் பூப்போல வைத்த
என் நான்கு விரல்கள்
எத்தனை கிலோ அழுத்துகின்றன என்பது
அவன் சட்டைக்கு மட்டும் தெரியும்.

பதினோரு வருடம், பதினோரு ஆண்கள்.
முழங்கால் போன ரக்பி வீரன்.
கேக் சுடுகிறவர்.
பதவி பறிபோன பின்
மன்னிப்பை இடுப்பசைத்து வாங்கிவிடலாம் என்று
வந்து நின்ற ஓர் எம்.பி.
திரையில் முதலில் அவர்கள் பெயர்,
அடுத்து ஒரு 'மற்றும்',
அதற்கும் அடுத்து யோலிதா.
கவுனாஸிலிருந்து கொண்டுவந்த குடும்பப் பெயர்
நாக்கில் சிக்குகிறது என்று
இரண்டாம் வருடமே கழற்றிவிட்டார்கள்.
ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம்.
என் மேடை நூல் பிடித்தாற்போல் நேர்.
ஆள்தான் கோணல்.

ஞாயிறு காலை குளியலறைச் சல்லடையில்
முடியோடு சேர்த்து
ஒட்டுக்கற்களைப் பொறுக்குவேன்.
ஓட்டல் விரிப்பில் என் வடிவத்தில்
செம்பழுப்பாய் ஒரு கறை.
பெருவிரல் நகம் போனது ரும்பாவில்.
எட்டு நொடி மிச்சமிருந்தது.
சிரிப்பை இருந்த இடத்தில் வைத்துக்கொண்டு
பல்லிடுக்கில் எண்ணினேன்:
இரண்டு, மூன்று, நான்கு-ஒன்று.
உதடு அசையாமல் எண்ணுவதற்கு
எந்த நடுவரும் மதிப்பெண் போட்டதில்லை.

ஒன்பதாம் வருடம் கிளைவ் ஆம்பிள்பி.
வானிலை சொல்கிறவர். அறுபத்திரண்டு.
குரோய்டனில் ஒரு தேவாலயக் கூடம்,
தரையெல்லாம் பூப்பந்துக் கோடுகள்.
இடது என்றால் வலதை வைப்பார்,
வலது என்றால் மன்னிப்புக் கேட்பார்.
மூன்றாம் நாள் லிதுவேனிய மொழியில் திட்டினேன்.
"அழகான மொழி" என்றார்.
நான்காம் நாள், வேறு வழியில்லாமல்,
"மேற்கிலிருந்து வாருங்கள்,
ஸ்காட்லாந்தைச் சுற்றி,
கிழக்குக் கரையோரமாக இறங்கி
டோவரில் திரும்புங்கள்" என்றேன்.
மனிதர் மிதந்தார்.
முப்பது வருடம் வெற்றுப் பச்சைச் சுவர் முன் நின்று
முதுகுக்குப் பின்னால் இல்லாத ஒரு நாட்டைத்
திரும்பிப் பார்க்காமல் தொட்டுக் காட்டியவர்.
எனக்கு அப்போதுதான் உறைத்தது,
அந்தக் கூடத்தில் நாங்கள் இருவருமே
பார்க்காத திசையை நம்பிப் பிழைப்பவர்கள்.

ஐந்தாம் வாரம் அனுப்பிவிட்டார்கள்.
ஃபாக்ஸ்ட்ராட். பத்தொன்பது மதிப்பெண்.
நடுவர் ஒருத்தி அவரை அலமாரி என்றாள்.
அவர் கேமராவைப் பார்த்து
"ஆங்காங்கே தூறல்" என்றார்.
நாடே சிரித்தது.
நான் மேக்கப் அறையில் அழுதேன்.
தோற்றதற்கு என்று எல்லோரும் முதுகைத் தடவினார்கள்.
அதற்கில்லை.
டோவர் திருப்பத்தில், அந்த ஒரே திருப்பத்தில்,
அவர் என்னை நடத்தினார்.
என் விரல்கள் சும்மா கிடந்தன.

இந்த வருடம் ஏப்ரலில் போன் வந்தது.
தயாரிப்பாளர் குரலில் சர்க்கரை.
நீ எங்கள் குடும்பம் என்றாள்.
இந்த முறை உனக்கு ஜோடி இல்லை,
கூட்டு ஆட்டங்களில் இரு என்றாள்.
வயதை அவள் எடுக்கவில்லை.
முப்பத்தொன்பது என்று நானும் சொல்லவில்லை.

ஆகவே மூன்றாம் வரிசையில்
புகை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆடுகிறேன்.
எதிரே தோளும் இல்லை, சட்டையும் இல்லை.
பின்னால் என்னவென்று பார்க்காமலே தெரியும்:
இரண்டு படி, டேப் ஒட்டிய ஒரு கேபிள்,
குனிந்து நிற்கும் ஒளிப்பதிவாளரின் முழங்கால்.
எதையும் மிதிக்காமல் போய் வருகிறேன்.

உடை மாற்றும்போது செல்பேசி மின்னியது.
கிளைவ்.
"உன்னைப் பார்த்தேன். இடது ஓரத்தில்.
இரண்டு நொடி."

ஊசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு
பதில் போட்டேன்:
"அது வலது."