வரிசை எண் 2314

ஈரி என்று ஓர் ஏரி.
அதன் கரையில் அதே பெயரில் என் ஊர்.
அதிகாலை நாலரை, பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.
பள்ளிப் பேருந்துக் கொட்டகையில்
கைவிளக்கோடு மஞ்சள் வண்டியைச் சுற்றி வருகிறேன்.
டயர். திருகு. எண்ணெய்க் கசிவு. பின்விளக்கு.
கை பழக்கத்தை விடவில்லை.
இல்லாத இறக்கையின் நுனியை
ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான்
ஏறி உட்காருகிறேன்.

நீக்கம் என்ற சொல்லே கடிதத்தில் இல்லை.
'தற்காலிகமாக' என்று இருந்தது, மூன்று இடங்களில்.
அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது இரண்டேகால் வயது.
குழந்தையாக இருந்திருந்தால்
பேச ஆரம்பித்திருக்கும்.

எங்கள் தொழிலில் கெட்டிக்காரிக்கு என்று தனி வரிசை கிடையாது.
சேர்ந்த தேதிதான் எல்லாம்.
கடைசியில் வந்தவரை முதலில் இறக்கிவிடுவார்கள்;
முதலில் இறங்கியவரைக் கடைசியில் கூப்பிடுவார்கள்.
இறக்கிவிட்ட நாளில் என் எண் 2314.
வெளியே நிற்பவர்களில்
எனக்கு முன்னால் நூற்றிருபத்து நான்கு பேர்.

ஆகவே பிறந்தநாள்களை எண்ணுகிறேன்.
அறுபத்தைந்தில் எந்த விமானியும் இறங்கியாக வேண்டும், சட்டம்.
ஃபிரிட்ஜ் கதவில் பட்டியல் ஒட்டியிருக்கிறது:
மார்ச் ஒன்பது, கேப்டன் ரஸ்ஸல் ஓட்டர்பைன்.
மே இருபத்தொன்று, கேப்டன் ஹூஃப்மன்.
முகம் தெரியாத மனிதர்கள்.
அவர்கள் எங்கோ கேக் வெட்டும் நாளில்
இங்கே நான் ஒரு படி ஏறுகிறேன்.
"அம்மா, இந்த வாரம் யாருக்கு வயசாகிறது?"
என்று கேட்கிறான் காஸிமிர்,
வாயில் பல்துலக்கி, நுரையோடு.

போன டிசம்பரில்
பிறந்தநாள் இல்லாமலே ஓர் எண் குறைந்தது.

வெர்ன் ஸ்டோல்ட்ஸ்.
ஹாரிஸ்பர்க்கில் கூரை வேய்ந்துகொண்டிருந்தாராம்,
ஏணியில் நிற்கும்போது மாரடைப்பு.
சிமுலேட்டரில் என் இடப்பக்க இருக்கை அவருடையது.
இறங்குவதற்கு முன்
மூக்குக்குள்ளேயே ஏதோ முனகுவார்; என்ன ராகம் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

அடக்கத்துக்கு ஏழு பேர் போனோம்,
பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத சீருடையில்.
ஏழு பேரும் அவருக்குப் பின்னால் இருந்தவர்கள்.
ஏழு பேரும் வரும் வழியிலேயே
கணக்குப் போட்டிருந்தோம்.
யாரும் வாய் திறக்கவில்லை.
அவர் மனைவி ரூத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு,
நிஜமான அக்கறையோடு,
"உனக்கு முன்னால் இப்போது எத்தனை பேர்?" என்றாள்.

அறுபத்தொன்று என்றேன்.
பொய் சொல்லியிருக்கலாம்.

பதிவுத்தபாலில் வருமாம்.
பதினான்கு நாளுக்குள் பதில் எழுத வேண்டும்.
வசந்தத்தில் என்கிறார்கள், எண்ணெய் விலை இறங்கினால் என்கிறார்கள்,
புது விமானங்கள் வந்தால் என்கிறார்கள்.
போன வசந்தத்திலும் இதையே சொன்னார்கள்.
இரவில் சாப்பாட்டு மேசையில்
காஸிமிர் சரிபார்ப்புப் பட்டியலை வாசிக்கிறான்,
நான் பதில் சொல்கிறேன்.
ஃபிளாப்ஸ்? பதினைந்து.
எரிபொருள் பம்ப்? ஓடுகிறது.
கதவுகள்? பூட்டியாச்சு.
நேற்று அவனாக ஒன்று சேர்த்தான்:
"போனால் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவாய்?"
பட்டியலில் அது இல்லையே என்றேன்.
பென்சில் எடுத்து, கீழே எழுதிவைத்தான்.

பன்னிரண்டாம் தெரு ரயில் கடவை.
ரயில் வந்தாலும் வராவிட்டாலும்
பள்ளிப் பேருந்து நின்று, கதவைத் திறந்து,
காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடக்க வேண்டும்.
இதுவும் சட்டம்.
பனி உள்ளே அடிக்கிறது.
பின்னால் முப்பத்தொரு பிள்ளைகள், கையுறைச் சண்டை.
தண்டவாளம் இரண்டு பக்கமும் அமைதி.
மேகத்துக்கு மேலே ஆறு நாற்பது விமானம்
ஏற்றத்திலிருந்து விசையைக் குறைக்கிறது, கேட்கிறது,
சற்று சீக்கிரம்; நானாக இருந்தால்
இன்னும் ஓர் ஐந்நூறு அடி பொறுத்திருப்பேன்.

"மிஸ், குளிருது, கதவைச் சாத்துங்க."

சாத்துகிறேன்.