டகரத்தின் மூலை

ராணிப்பேட்டை சிப்காட்டில் மூன்றாம் குறுக்குத் தெரு.
உடைந்தவற்றை மட்டும் வாங்கிப் படிக்கிற கூடம் எங்களுடையது.
முழுசாய் இருப்பதை யாரும் கொண்டுவருவதில்லை.

சாக்கில் சுற்றி வந்தது இந்த முறை
லாரியின் மெயின் பட்டா, இரண்டு துண்டாய்.
பள்ளிகொண்டா தாண்டியதும்
உப்பிட்ட தோல் ஏற்றிய வண்டி
ஒரு பக்கம் சாய்ந்து, முனகி, உட்கார்ந்துவிட்டது.
ஆளுக்குச் சேதமில்லை. நாற்றம்தான் நாலு மணிநேரம்.
வண்டிக்காரர் வேதகிரி, குடியாத்தம்,
படிவத்தில் எழுதியது இரண்டே சொல்:
மட்டமான இரும்பு.

வெட்டினேன். காகிதம் மாற்றி மாற்றித் தேய்த்தேன்.
முகம் தெரிகிற அளவு பளபளத்ததும் ஒரு சொட்டு அமிலம்,
ஐந்து எண்ணுவதற்குள் கழுவிவிட வேண்டும்.
உருப்பெருக்கியின் கீழே ஊசிகள்.
ஊசியின் இடுக்கில் ஊசி, திசைக்கொன்றாய்,
ஒன்றையும் நகரவிடாமல் ஒன்று.
செந்தணலிலிருந்து எண்ணெயில் விழுந்த திகைப்பு,
அப்புறம் இளஞ்சூட்டில் தணிக்கப்பட்ட கோபம்.
இதே இரும்பை, இதே துளிக் கரியோடு
உலையிலேயே ஆறவிட்டிருந்தால்
முதல் பள்ளத்திலேயே வளைந்து கிடந்திருக்கும்.
அடுக்கு மாறினால் ஆளே மாறிவிடுகிறது.
கடினம் நாற்பத்து நான்கு.
இரும்பின் மேல் பழி சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

முறிந்த முகத்தை அதன்பிறகுதான் சாய்வெளிச்சத்தில் வைத்தேன்.
காவேரிப்பாக்கம் ஏரி வற்றும்போது
கரையில் விட்டுப்போகும் கோடுகள் போல
வளைவுக்குள் வளைவு.
ஏரிக்குத் தலைகீழ்க் கணக்கு: இங்கே
உள்ளே கிடக்கும் குட்டி வளைவுதான் மூத்தது.
அதைப் பிடித்துக்கொண்டே போனால்
மேல்முகத்தில், சுமை ஏறும்போது இழுபடுகிற பக்கத்தில்,
ஓர் எழுத்து.

ஒர்க்‌ஷாப்பில் பட்டாவை மாற்றிவிடுவார்கள் என்று
உளியால் பெயர் வெட்டியிருக்கிறார் மனுஷன்:
வடிவு.

ஓலையில் கோடு நேராய்ப் போனால் நாரோடு கிழியுமாம்,
அதனால்தான் நம் எழுத்து உருண்டதாம். சொல்வார்கள்.
உண்மையோ என்னவோ,
உருளாமல் அடம்பிடித்து நின்றது இந்த ட.
நெடுக்கே இழுக்கும் விசைக்குக் குறுக்கே ஒரு கோடு,
அது படுத்த கோட்டைச் சந்திக்கும் மூலையில்
உளி இரண்டு முறை இறங்கியிருக்கிறது.
பட்டா முழுக்கப் பரவிப் போகவேண்டிய பாரம்
அந்த மூலைக்கு வந்ததும்
வழி தெரியாமல் குவிந்து நின்றிருக்கிறது,
ஒவ்வொரு வேகத்தடையிலும், ஒன்றரை வருஷம்.

அறிக்கையில் பெயரை எழுதவில்லை.
'தொடக்கம்: மேற்பரப்பில் வெட்டுக்குறி.' அவ்வளவுதான்.

வாங்கிப்போக வந்தது அந்த அம்மாவே.
கையில் ஹெல்மெட், நெற்றியெல்லாம் வேர்வை.
"இன்னா மேடம், எம்பேரால ஒடஞ்சிச்சாமே?"
பேரால் இல்லை, மூலையால் என்றேன்.
"அப்ப வளைஞ்ச எழுத்தா வச்சிருக்கணும் எங்கப்பன்.
ழ-வுல ஆரம்பிக்கிற பேரு எவளுக்குக் கீது?"
அவள் சிரித்ததில் பக்கத்து மேசை பொறியாளரும் சிரித்துவிட்டார்.

பூதக்கண்ணாடி கேட்டாள். கொடுத்தேன்.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எல்லாம் மயிராட்டம் கீது,
இந்த ஒரு கோடு மட்டும் இன்னா இம்மாந் தடிப்பு?"
அன்றைக்குச் சுமை மிஞ்சியிருக்கும் என்றேன்.
போனைத் திறந்தாள். நடைக்கணக்கு அவள் எழுதுவதுதான் போல.
விரல் மேலே போய், கீழே வந்து, நின்றது.
"கருங்கல்லு. ஓசூருக்கு. வாணாம்னேன் நானு."

அறிக்கையில் அதற்குக் கட்டமில்லை.

முறிந்த முகங்களை ஒன்றோடொன்று வைக்கக் கூடாது,
தடயம் தேயும். கூடத்தின் முதல் விதி.
அவள் வைத்துப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை.
ட-வின் நடுவே முடியளவு கறுப்பு.
மற்றபடி
படிக்க முடிந்தது.