முப்பத்தொன்று

ஆனேக்கல் தாண்டி, குவாரிக்குப் போகும் மண்பாதையில்
எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு இப்போது மூன்று சுவர்கள்.
நான்காவதன் இடத்தில் லாரித் தார்ப்பாய்.
காற்றடித்தால் கணக்கு வகுப்பு உப்பிக்கொள்ளும்.

கூரையோடு பதிவேடும் எரிந்தது என்றேன்.
கல்வி ஆபீஸ் கிளார்க் தலை நிமிரவில்லை.
"பெயர், பிறந்த தேதி, வகுப்பு. வெள்ளிக்கிழமைக்குள்.
ரெக்கார்டில் இல்லாத பிள்ளைக்கு அரிசி இல்லை."

ஒரு குயர் நோட்டு வாங்கி
உடைந்த ஜன்னல் சட்டத்தை வைத்துக் கோடு போட்டேன்.

"பெரிய வெடி வச்சதுக்கு மறுநாள்" என்றாள்
தனகோடியின் அம்மா.
"மூணாம் நம்பர் குழியில தண்ணி ஊறின வருஷம்" என்றாள் இன்னொருத்தி.
எல்லோருக்கும் ஜூன் ஒன்று என்றே எழுதினேன்.
ஒரே தேதியில் முப்பத்தொரு பிரசவம்
எங்கள் குவாரியில்.

பெருமாள்சாமி
ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன்.
"ஏழாவது டீச்சர்" என்றான், கண்ணைப் பார்த்து.
சாட்சி சாம்பலாகிவிட்ட தைரியம்.
ஏழாம் வாய்ப்பாடு கேட்டேன்.
ஏழேழு நாற்பத்தொன்பது வரைக்கும் வந்து நின்றான்.
ஆறு என்று எழுதினேன்.
பேரம் படிந்தது.

முதல் நாள் பெயர் கூப்பிட்டேன்.
நாகவேணி. "ஹாஜர் மிஸ்."
சகாயமேரி. "ஹாஜர்."
பதினாறு பேரும் கன்னடத்தில்.
வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்,
ரோட்டுக்குக் கேட்கட்டும் என்று.

அந்த மொழியோடு எனக்குச் சண்டையில்லை.
அதில்தான் பால் வாங்குகிறேன்.
மகளுக்கு ஜுரம் இறங்காத இரவு
டாக்டரிடம் அதில்தான் அழுதேன்.
ஆனால் அன்று அவர்கள் அந்தச் சொல்லை நீட்டிய விதம்,
செக்கிங்கில் டிக்கெட் நீட்டுவதுபோல்.

பதினேழு, அமலதாஸ்.
ராத்திரி லாரியில் அரூருக்குப் போனவர்கள்
இன்னும் திரும்பவில்லை.
பெயரை எழுதத்தான் நினைத்தேன்,
கூப்பிட நினைக்கவில்லை.
வாய் கூப்பிட்டுவிட்டது.

தார்ப்பாய் ஒருமுறை உப்பி, அடங்கியது.

பிறகு பின்வரிசையில்,
தினமும் அவன் சிலேட்டைப் பிடுங்கி அடிவாங்கிய பெருமாள்சாமி
எழுந்து நின்று
"உள்ளேன் டீச்சர்" என்றான்.
ரோட்டுக்கே கேட்டிருக்கும்.

யாரும் சிரிக்கவில்லை.
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
அடுத்துக் கூப்பிட்ட தனகோடி கொஞ்சம் யோசித்து
இரண்டு மொழியிலும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை கிளார்க் எண்ணிப் பார்க்கலாம்.
அரிசி
முப்பத்தொரு பேருக்குக் கேட்டிருக்கிறேன்.