கொடிவேரியில் கடல்

நூல் விலை ஏறித் தறிகள் நின்ற வாரம்
கடலுக்குப் போலாம் என்றார் அப்பா.

சென்னிமலையிலிருந்து கோபி வருவதற்குள்
திருமூர்த்தி மூன்று தடவை வாந்தி.
அடுத்த பஸ்ஸில்
புளிச்சோற்றுத் தூக்குப்போசி
என் மடியில் சுட்டுக்கொண்டே வந்தது.

அணை நெடுக வெள்ளையாய் இறங்கிய தண்ணி.
பரிசல்காரர் சத்தம், மீன் வறுக்கும் புகை,
நிற்க முடியாத மணல்.
'அலை எங்கப்பா?'
'அதா விழுகுதல்ல, அதான்.'
அவரும் கடல் பார்த்ததில்லை
என்று எனக்கு அப்போது தெரியாது.

திருமூர்த்தி நம்பவில்லை.
ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு
'உப்பே இல்ல' என்று
மீன்கடை வரைக்கும் கேட்க அழுதான்.
அப்பா துண்டை உதறினார்.
உதறிய துண்டையே மறுபடி உதறினார்.

அம்மாதான் எழுந்துபோனாள்,
சேலையை ஏத்திச் செருகிக்கொண்டு.
மாங்காய்க்குக் கொண்டுவந்த
உப்பு மொளகாப்பொடிப் பொட்டலத்தைப் பிரித்து
ஆற்றில் கொட்டினாள்.
ஒரு நொடி சிவப்பாய்ச் சுழன்றது.
'இப்பக் குடி சாமி.'

குடித்தான். யோசித்தான்.
'ஆமா.'

மாங்காயை வெறுமனே தின்றோம்.
அப்பா மட்டும் எடுக்கவில்லை.
பெருந்துறை தாண்டியும்
பல் கூசியது.